கொதிக்க வைத்த நீர்



2025ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள், பாலாற்று மாசு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தோல் ஆலைக் கழிவுகளால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்றும், ஆற்றைச் சீரமைக்கும் பணியைக் கண்காணிக்கக் குழு அமைக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. அன்றிரவு இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது நம் கைபேசியில் மூன்று செய்திகள் காத்திருந்தன. ஒன்று சென்னையிலிருந்து, மற்றொன்று வாணியம்பாடியிலிருந்து, இன்னொன்று கோவையிலிருந்து. தீர்ப்பைப் பற்றி மூவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. மூவரும் கேட்டிருந்தது ஒன்றுதான்: “பாட்டியை நினைத்தாயா?”

நினைத்தோம். அந்தப் பாட்டி யார், அந்த மூவர் யார் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

நாம் காஞ்சிபுரத்தில் ஒரு மதரஸாவின் ஆசிரியர். காலையிலும் மாலையிலும் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதக் கற்பிக்கிறோம். வளர்ந்த மாணவர்களுக்கு ஹதீஸும் ஃபிக்ஹும் நடத்துகிறோம். நம்மை ‘ஹஜ்ரத்’ என்று அழைக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு காலத்தில் நாம் வெள்ளை அங்கி அணிந்து பியூரெட்டும் தராசுமாக நின்றவர் என்பது தெரியாது. கல்லூரியில் வேதியியல் பயின்றுகொண்டிருந்த இரண்டாம் ஆண்டில் நம் தந்தையார் வஃபாத்தானார்கள். படிப்பு நின்றது. 1998இல், பாலாற்றங்கரைத் தோல் ஊர் ஒன்றில், கழிவுநீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தோம். அவ்வூரின் பெயரையும் ஆய்வகத்தின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. குற்றம் சொல்வதானால் நம்மிடமிருந்தே தொடங்க வேண்டும்.

தோல் தொழில் நம் சமூகத்திற்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அத்தொழிலால் எரிந்தது. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்ததும், 1924இல் காக்கா முஹம்மது உமர் அவர்களால் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் நிறுவப்பட்டதும் அம்மண்ணில்தான். தோல் வணிகர்களின் கொடையின்றி அப்பகுதியின் கல்வி வரலாற்றை எழுத இயலாது. நாம் ஓதிய கிதாபுகளில் சிலவும் அவ்வணிகர்களின் வக்ஃபிலிருந்து வந்தவையே.

அதே தொழிலுக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. முன்னாளில் ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளால் தோல் பதனிட்டனர். 1970களில், பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்திய பிறகு, குரோம் உப்பால் பதனிடும் முறை பெருகியது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன்மீது மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு முழுவதும் கழுவப்பட்டு நீரோடு வெளியேறும். 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். தோல் ஊர்ப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிர்செய்யத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் அறிவித்தது. அத்தீர்ப்புக்குப் பின் சோதனைகளும் பதிவேடுகளும் பெருகின. நமக்கு வேலை கிடைத்ததும் அதனால்தான்.

ஆய்வகத்தில் நாங்கள் நால்வர். தலைமை வேதியியலாளரை ‘ஐயா’ என்று அழைத்தோம். ஐம்பதை நெருங்கிய சென்னைக்காரர், அதிர்ந்து பேசாதவர். வாணியம்பாடி நண்பர் நம் வயதினர். நாம் அவரையும் அவர் நம்மையும் ‘பாய்’ என்றே அழைத்துக்கொண்டோம். மற்றொருவர் முதுநிலைப் பட்டம் பெற்ற அக்கா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரே ஊரார் என்பதால் வாரக் கடைசியில் அக்காவுடன் ஒரே பேருந்தில் ஊர் திரும்புவோம். நான்கு ஆசிரியர்கள் ஒரு மதரஸாவில் வாழ்வதைப் போலவே அந்த அறையில் வாழ்ந்தோம். பகலுணவைப் பகிர்ந்துகொண்டோம். ரமளானில் மற்ற இருவரும் நம் முன்னிலையில் தேநீர் அருந்த மறுத்துவிடுவார்கள். வேண்டாம் என்று நாங்கள் எத்தனை முறை சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

1999 ஜனவரி இறுதியில், நோன்புப் பெருநாள் கழிந்த அடுத்த வாரம், தோல் தொழில்நுட்பவியலாளர், வேதியியலாளர் சங்கங்களின் சர்வதேச ஒன்றியம் தன் மாநாட்டைச் சென்னையில் நடத்தியது. ஈராண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டில் கூடும் மாநாடு அது. 1948இல் சென்னையில் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தால் இத்துறையில் நம் மாநிலத்திற்கு உலக அளவில் ஒரு பெயர் உண்டு. ஐயா எங்கள் மூவரையும் ஒருநாள் அழைத்துச் சென்றார்கள். கடைசி வரிசையில் அமர்ந்தோம். பேசியதில் பாதி புரியவில்லை. ஆயினும் உப்பைக் குறைத்துத் தோலைக் காப்பது எப்படி, குரோமை மீட்டு மீண்டும் பயன்படுத்துவது எப்படி என்று பல நாட்டார் கூடி அக்கறையோடு பேசியதைக் கேட்டு, நம் சிறிய வேலையும் ஒரு பெரிய வேலையின் பகுதி என்று உள்ளம் நிறைந்தது. திரும்பும் வழியில் வாணியம்பாடி நண்பர், “அடுத்த முறை இந்த மாநாடு சென்னைக்கு வரும்போது நாம் நால்வரும் முன்வரிசையில் உட்கார வேண்டும், பாய்” என்றார்.

மறு ஆண்டுக் கோடையில் அந்தப் பாட்டி வந்தார்.

அருகிலுள்ள சிற்றூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். கையில் ஒரு பழைய குளிர்பானப் புட்டி. அதன் வாயைக் காகிதத்தை முறுக்கி அடைத்திருந்தார். “இது எங்க கெணத்துத் தண்ணி. குடிக்கலாமான்னு பார்த்துச் சொல்லுப்பா. பேரப் புள்ளைங்க இருக்குதுங்க” என்றார். வெளியார் கொண்டுவரும் நீரைச் சோதிப்பது எங்கள் பணியன்று. ஆயினும் அவரை உட்காரவைத்து, நீரை வாங்கிக்கொண்டோம்.

நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காணும் சோதனை எளியது. வடிகட்டிய நீரில் 100 மில்லி லிட்டரை எடைபோட்ட பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி ஆவியாக விட வேண்டும். பின் 180 பாகை செல்சியஸ் சூட்டில் உலர்த்தி, ஈரம் புகாத கூட்டில் ஆறவைத்து, மீண்டும் எடைபோட வேண்டும். நீர் போய்விடும், அதில் கரைந்திருந்தது கிண்ணத்தில் தங்கிவிடும். கழிவுநீருக்கு நாள்தோறும் செய்துவந்ததை அன்று ஒரு குடும்பத்தின் குடிநீருக்குச் செய்தோம். பாட்டியை மறுநாள் வரச் சொன்னோம்.

கிண்ணத்தின் அடியில் வெள்ளையாய் ஒரு படலம் படிந்திருந்தது. கணக்கிட்டபோது லிட்டருக்கு 3,800 மில்லிகிராம் வந்தது. குடிநீருக்கு 500 வரை நன்று என்பதும், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் இந்தியத் தர அளவை. அக்கா அந்த எண்ணை இருமுறை சரிபார்த்தார். ஐயாவிடம் சென்றோம்.

ஐயா நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். அந்த ஊர்க் கிணறுகளைப் பற்றி எழுத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று மேலிடத்தில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தனர். வழக்கும் இழப்பீட்டுக் கணக்கும் நடந்துகொண்டிருந்த காலம் அது. முடிவில், “தம்பி, எழுதிக் கொடுக்க வேண்டாம். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்” என்றார்கள்.

மறுநாள் பாட்டி வந்தார். நாம்தான் சொன்னோம். “கொதிக்க வைத்துக் குடியுங்கள், பாட்டி.” அவர் முகம் மலர்ந்தது. “அவ்வளவுதானா? நல்லா இருப்பா” என்று நம் தலையைத் தொட்டு வாழ்த்திவிட்டு, கழுவிவைத்த புட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும்; உப்பு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் உப்பு இன்னும் கூடும். இதை நாம் அறியாதவரல்லர். கிண்ணத்தை அடுப்பில் வைத்து நீரைப் போக்கி உப்பை நிறுத்திக் காட்டுவதே நம் அன்றாடத் தொழில். அந்தச் சோதனையைச் செய்த கையோடு, அது காட்டியதற்கு நேர்மாறானதை ஒரு மூதாட்டியிடம் சொன்னோம். சொன்னது நேரடியான பொய்யென்றுகூட எவரும் நிரூபிக்க முடியாது. கொதிக்க வைத்துக் குடிப்பது நல்ல அறிவுரைதானே? அதுதான் அதன் கொடுமை.

அடுத்த ஆண்டு வேலையை விட்டோம். காரணம் கேட்டோரிடம், தாயாரின் உடல்நிலை என்றோம். அதுவும் பாதி உண்மை. காஞ்சிக்குத் திரும்பி, ஆலிம் ஒருவரிடம் ஓதி, பின்னர் இஸ்லாமியக் கல்வியில் பட்டயமும் பெற்று, இந்தப் பணியில் அமர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ், இப்பணி நம் உள்ளத்துக்கு அமைதி தந்தது. ஆயினும், கடனை எழுதி வைக்கக் கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் நீண்ட வசனத்தையும், சாட்சியத்தை மறைப்பதைக் கண்டிக்கும் அதன் அடுத்த வசனத்தையும் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், நம் குரல் ஓரிடத்தில் தடுமாறும். மாணவர்கள் அதைச் சளி என்று நினைத்துக்கொள்வார்கள்.

பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 2017 பிப்ரவரியில் அதே மாநாடு மீண்டும் சென்னைக்கு வந்தது. வாணியம்பாடி நண்பர் தொலைபேசியில் அழைத்தார். அவர் இப்போது தோல் இரசாயன வணிகர்; மாநாட்டுக்குப் பதிவு செய்திருந்தார். அக்கா கோவையில் நீர் ஆய்வுத் துறையில் பணியாற்றுகிறார், அவரும் வருகிறார். பணி ஓய்வு பெற்ற ஐயாவையும் அழைத்திருக்கிறார்கள். “முன்வரிசை என்று சொன்னோமே, நினைவிருக்கிறதா, பாய்? நீங்களும் வாருங்கள்” என்றார்.

நாம் செல்லவில்லை. மதரஸாவில் ஆண்டுத் தேர்வு என்றோம். தேர்வு இருந்தது உண்மை. ஆயினும் ஐயாவின் முகத்தைப் பார்க்க அஞ்சினோம் என்பதே முழு உண்மை. அந்த ஆணையை இட்டவர் அவர்தான் என்று ஏறத்தாழ பதினேழு ஆண்டுகளாக நம் உள்ளத்துக்குள் ஒரு மூலையில் அவரை நிறுத்தி வைத்திருந்தோம். நேரில் கண்டால் சலாம் சொல்லும் நாவு வேறெதையும் சொல்லிவிடுமோ என்று தயங்கினோம்.

மாநாடு முடிந்த பின், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அவர்களே வந்துவிட்டார்கள்.

ஐயாவுக்கு முடி முழுவதும் நரைத்திருந்தது. கைத்தடி ஊன்றி இறங்கினார்கள். “தம்பி, தாடி நல்லா இருக்கு” என்றார்கள். அவ்வளவுதான். நம் கண்கள் நிறைந்துவிட்டன. அக்கா நேரே அடுப்படிக்குள் சென்று, “தங்கச்சி, இவர் அங்கே வேலை பார்த்த காலத்தில் டிஃபன் பாக்ஸில் தினமும் தக்காளிச் சோறுதான். நீ வந்த பிறகாவது மாறியதா?” என்று நம் மனைவியிடம் கேட்டு, வீட்டில் சிரிப்பை உண்டாக்கினார். வாணியம்பாடி நண்பர் ஆம்பூரிலிருந்து பிரியாணி கொண்டுவந்திருந்தார். ஐயாவும் அக்காவும் மரக்கறி உண்பவர்கள். அவர்களுக்காக நம் மனைவி மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த காஞ்சிபுரம் இட்லியைத் தனிப் பாத்திரத்தில் அவித்து வைத்தார்.

நாமும் நண்பரும் ஜும்ஆவுக்குச் சென்று திரும்பும்வரை ஐயா திண்ணையில் அமர்ந்து நம் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பொடியில் சோப்பு நீரை விட்டால் ஏன் சிவக்கிறது என்பது பாடம். நம் சின்ன மகள் அன்று முழுவதும் வீட்டிலிருந்த மஞ்சளைத் தீர்த்துவிட்டாள்.

மாலையில் அக்கா தம் பிறந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றார். பிள்ளையார்பாளையத்தில் அவருடைய அண்ணன் இன்னும் தறி வைத்திருக்கிறார். உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலை தறியில் இருந்தது. சாயத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பாலாற்று நீரில் சாயமேற்றினால்தான் பட்டுக்கு அந்தப் பளபளப்பு வரும் என்பது காஞ்சி நெசவாளர்களின் பழைய நம்பிக்கை. அண்ணன் அதைப் பெருமையோடு சொன்னபோது, எங்கள் நால்வரில் எவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

வாணியம்பாடியையும் ஆம்பூரையும் இராணிப்பேட்டையையும் கடந்துவரும் அதே பாலாறுதான் காஞ்சியின் தெற்கே ஓடுகிறது. இந்நகருக்குக் குடிநீர் தரும் கிணறுகளில் பல அதன் மணலில் உள்ளன. மஃரிபுக்குச் சற்றுமுன் செவிலிமேடு பாலத்தருகே காரை நிறுத்தி ஆற்றில் இறங்கினோம். நீர் இல்லை, அகன்ற மணல்வெளி. ஐயாவுக்கு ஒரு கல்லில் துண்டை விரித்து இடம் செய்தோம்.

வாணியம்பாடி நண்பர்தான் முதலில் பேசினார். “ஒரு பாட்டி வந்தாங்களே, புட்டியோட. அந்தப் புட்டியைக் கழுவிக் கொடுத்தது நான்தான். கழுவும்போதே தெரியும், என்ன சொல்லி அனுப்பப் போறோம்னு. நான் ஒரு வார்த்தை பேசலை.”

அக்கா மணலைப் பார்த்தபடி சொன்னார்: “3,800. அந்த எண்ணை நான் மறக்கவே இல்லை. பதிவேட்டில் எழுதாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதினேன். அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது, அது வெளியே போகாது என்று.”

பிறகு நாம் சொன்னோம். “வாய் நம்முடையது. கொதிக்க வைக்கச் சொன்னவர் நாம். அவர் நம் தலையைத் தொட்டு வாழ்த்தினார்.”

ஐயா கைத்தடியின் பிடியை இறுகப் பற்றியிருந்தார்கள். “நீங்கள் மூவரும் ஏன் சுமக்கிறீர்கள்? சொல்லச் சொன்னவன் நான். அடுத்த ஆண்டு என் மகள் கல்யாணம் இருந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். நீங்கள் மறந்திருப்பீர்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்தேன். உங்களைப் பார்க்காமலேயே இருந்ததும் அதற்காகத்தான்” என்றார்கள்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. நால்வரும் ஒரே பொருளை நான்கு ஊர்களில் தனித்தனியே சுமந்திருக்கிறோம். ஒவ்வொருவரிடமும் அதன் ஒரு துண்டு இருந்தது: ஒருவரிடம் புட்டி, ஒருவரிடம் எண், ஒருவரிடம் சொல், ஒருவரிடம் ஆணை. ஒரேயொரு நபிமொழியை அறிவிப்பாளரிடமிருந்து நேரில் கேட்பதற்காக, ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒட்டகம் வாங்கி ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் நாட்டுக்குச் சென்ற வரலாற்றை மாணவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். காதில் விழுந்தது சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக மேற்கொண்ட பயணம் அது. நாமோ சென்னைக்கு இரண்டு மணிநேரம் பயணம் செய்யவும் அஞ்சி வீட்டில் இருந்தோம். ஐயா எழுபதை நெருங்கும் வயதில் கைத்தடியோடு வந்திருக்கிறார்கள். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்த உள்ளம் வெட்கியது.

“அந்த ஊருக்குப் பிறகு யாராவது போனீர்களா?” என்று கேட்டோம்.

அக்கா போயிருக்கிறார், பல ஆண்டுகள் கழித்து. பாட்டி மறைந்துவிட்டார். முதுமையால் என்றுதான் ஊரார் சொன்னார்கள். நீரால் என்று எவரும் சொல்லவில்லை, எவராலும் சொல்லவும் முடியாது. பேரப்பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட்டனர். அந்தக் கிணற்றில் முள் வளர்ந்திருந்தது. ஊரில் எல்லோரும் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். அக்கா அங்கிருந்த ஒரு பெண்ணிடம், பழைய கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்து, கேட்காமலே திரும்பியிருக்கிறார்.

பாங்கு ஒலித்தது. நாமும் வாணியம்பாடி நண்பரும் நம் வீட்டிலிருந்து குடத்தில் கொண்டுவந்த நீரில் ஒளூச் செய்து, மணலில் தொழுதோம். ஐயாவும் அக்காவும் அமைதியாகக் காத்திருந்தார்கள். தொழுகைக்குப் பின் கேட்ட துஆவில் அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகளும் இருந்தனர்.

மன்னிப்பைக் கேட்க வேண்டியவர் இல்லாதபோது என்ன செய்வது? ஒருவருக்கு இழைத்த அநீதிக்கு உரியவரிடமே மன்னிப்புப் பெற வேண்டும் என்று மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். அவர் மறைந்துவிட்டால், அவருக்காகத் துஆச் செய்யலாம், தருமம் செய்யலாம், அதே தவற்றை மீண்டும் செய்யாதிருக்கலாம். இந்த மூன்றாவது, முதல் இரண்டையும்விடக் கடினமானது என்பதைப் பிறகுதான் உணர்ந்தோம்.

புறப்படும்போது அக்கா தம் கைப்பையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்துக் கொடுத்தார். பேனா அளவே இருந்தது. நீரில் முனையை நனைத்தால், அந்நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனைக் கொண்டு, கரைந்துள்ள உப்பின் அளவைத் தோராயமாகக் காட்டும். “கிண்ணமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம், தம்பி. பிள்ளைகளே பார்க்கலாம். கிருமியை இது காட்டாது, அதையும் சொல்லிக் கொடு. ஒன்றே ஒன்று. என்ன எண் வருகிறதோ அதையே எழுதச் சொல்” என்றார்.

அடுத்த வாரம் மதரஸாவில் ஒரு நோட்டுப் புத்தகம் திறந்தோம். மாணவர்கள் தத்தம் வீட்டு நீரைச் சிறு புட்டிகளில் கொண்டுவந்தனர். குழாய் நீர், கிணற்று நீர், கேன் நீர் என்று தனித்தனியே எழுதினர். ஒரு மாணவன் தன் வீட்டு எண் பெரிதாக இருப்பதை விரும்பாமல் ஓர் இலக்கத்தைக் குறைத்து எழுதினான். அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அறிவிப்பாளர்களைப் பற்றிய பாடத்தை அன்று அவனிடமிருந்தே தொடங்கினோம். ஓர் அறிவிப்பாளர் ஒரே ஒரு சொல்லில் பொய் உரைத்தார் என்று தெரிந்தால், அவர் சொன்ன மற்ற அனைத்தையும் அக்கால அறிஞர்கள் ஏன் ஒதுக்கி வைத்தார்கள் என்பதை அவன் அன்று விளங்கிக்கொண்டான். அழித்து, சரியான எண்ணை எழுதினான்.

சோதனை நமக்கும் வந்தது. ஒரு பள்ளிவாசலின் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பிள்ளைகள் சோதித்து வந்தார்கள். ஒளூவுக்கு மட்டுமின்றி, அத்தெருவின் ஏழைக் குடும்பங்கள் குடிக்கவும் அதையே பிடித்துச் செல்வது வழக்கம். எண் 2,300. நிர்வாகத்தில் பொறுப்பிலிருந்த ஒரு பெரியவரிடம் நோட்டைக் காட்டினோம். நல்ல மனிதர், தம் கைப்பணத்தில் அக்கிணற்றைத் தோண்டிக் கொடுத்தவர். அவர் முகம் வாடியது. “ஹஜ்ரத், இதைச் சொன்னால் ஜனங்கள் கலங்கிப் போவார்கள். கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிவிடுவோமே” என்றார்.

ஒரு கணம் பேச்சு வரவில்லை. அதே சொற்கள். வேறோர் ஊர், வேறொரு மனிதர், இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அதே சொற்கள். அவர் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. ஐயாவும் தீய எண்ணத்தில் சொல்லவில்லை. இத்தகைய சொற்களைப் பெரும்பாலும் நல்லவர்களே சொல்கிறார்கள். நல்லவர்களே சொல்வதால்தான் அவற்றை மறுப்பது கடினமாகிறது.

அவரை அமரவைத்துப் பாட்டியின் கதையைச் சொன்னோம். பள்ளிவாசலின் வாளியில் நீர் எடுத்து, ஒரு தட்டில் ஊற்றி, அடுப்பில் வைத்து வற்றவிட்டுக் காட்டினோம். தட்டில் வெள்ளையாய் உப்புப் படிந்ததை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். மறுநாள் கரும்பலகையில் அவரே தம் கையால் எழுதினார்: இந்நீர் ஒளூவுக்கும் துவைக்கவும் மட்டும், குடிக்க வேண்டாம். மூன்று மாதங்களில் ஜமாஅத்தார் சேர்ந்து ஒரு சுத்திகரிப்புக் கருவியை அமைத்தனர். ஜனங்கள் கலங்கவில்லை. குடத்தோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

அன்றிரவு மூவருக்கும் தொலைபேசியில் செய்தி சொன்னோம். ஐயா சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “பதிவேட்டில் எழுதினாயா?” என்று மட்டும் கேட்டார்கள். “எழுதினோம், ஐயா” என்றோம்.

மாநாட்டின் முன்வரிசையில் நாங்கள் நால்வரும் ஒருநாளும் அமரவில்லை. இனியும் அமரப் போவதில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும், மாநாடு உண்டோ இல்லையோ, ஒரு வெள்ளிக்கிழமை காஞ்சியில் கூடுகிறோம். தொற்றுக்காலத்தில் மட்டும் அது நின்றது. நம் மனைவி இட்லி அவிக்கிறார். பிரியாணி ஆம்பூரிலிருந்து வருகிறது. பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தை ஐயா மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகப் படிக்கிறார்கள்.

வாசக அன்பர்களே, பழைய பணியிடத்து நண்பர் எவரையேனும் பல்லாண்டுகளாகக் காணாதிருந்தால், ஏன் காணாதிருக்கிறோம் என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்வோம். நேரமின்மை என்று நாவு சொல்லும். சில வேளைகளில் காரணம் நாம் சேர்ந்து செய்த ஒன்றாகவோ, சேர்ந்து செய்யத் தவறிய ஒன்றாகவோ இருக்கும். அவரும் அதையே சுமந்துகொண்டு, நம் அழைப்புக்காகக் காத்திருக்கக்கூடும். முதல் சலாமை நாமே சொல்வோம்.

அந்தப் பாட்டியின் வழித்தோன்றல்களுக்கு அல்லாஹ் நல்ல நீரையும் நல்ல வாழ்வையும் அருள்வானாக. நாம் சொல்லத் தவறியதை மன்னித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லும் துணிவை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தருவானாக. ஆமீன்.